வட்டுக்கோட்டைச் செமினரி (1823–1855): கல்வியும் மொழிச் சிக்கலும்

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து என வழங்கும் பகுதியில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒருவகைச் சிறு கல்லூரிகள் வளர்ந்தன. டார்ட்மத், வில்லியம்சு போன்றன அவற்றுள் சில. மாணவர் தொகை குறைவு. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்திலேயே வாழ்வர். எந்த ஒரு தொழிலுக்கும் நேரடிப் பயிற்சி தரப்படுவதில்லை. பழம்பெரும் மொழிகள், கணிதம், இயற்கை அறிவியல், அளவைநூல், அறநூல், சமயம் ஆகிய அனைத்தையும் ஒருவனே கற்றுத் தேறவேண்டும் என்பது அவற்றின் கொள்கை. இவ்வகைக் கல்லூரி ஒன்று தமிழ் வழங்கும் நிலத்தில், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், 1823ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கல்கத்தாவில் இந்துக் கல்லூரி தோன்றி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. சென்னையில் பல்கலைக்கழகம் அமைய இன்னும் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தன. முப்பத்திரண்டு ஆண்டுகள் நடந்து 1855இல் அக்கல்லூரி மூடப்பட்டது. போதிய மாணவர் இன்மையோ கல்வித் தரக் குறைவோ அதற்குக் காரணமன்று. எம்மொழியில் கற்பிப்பது என்னும் வினாவே அதன் முடிவுக்குக் காரணமாயிற்று. அவ்வினா அன்று எவ்வாறு எழுப்பப்பட்டது, அதற்குத் தரப்பட்ட விடை எத்துணைப் பொருத்தமுடையது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லூரி என்னும் பெயர்

பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கத்தைச் சேர்ந்தோர் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்டு வாரன் ஆகியோர் இம்முதற் குழுவினர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்கள் பாழடைந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டுத் தங்கிய இவர்கள் ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகளின் மாதிரியிலேயே தமிழ்ப் பள்ளிகளை நிறுவினர். தேர்ந்தெடுத்த சிறுவர்க்கு உண்டுறை பள்ளிகளையும் நடத்தினர். இவ்வுண்டுறை பள்ளிகளின் மேல்வகுப்பாகவே வட்டுக்கோட்டை நிறுவனம் எழுந்தது.

1823ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மிஷனரிகள் தம் கல்லூரித் திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டனர். மாணவர் ஆங்கிலத்தைத் திறம்படக் கற்றல் வேண்டும். தமிழ் இலக்கியத்தைப் பேணி வளர்த்தல் வேண்டும். தெரிந்தெடுத்த சிலர் சமற்கிருதமும், இன்னும் சிலர் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகியனவும் பயிலலாம். ஐரோப்பிய அறிவியல் அனைவர்க்கும் உரியது. இத்திட்டத்தில் தமிழைப் பற்றிய பகுதி தனிக் கவனத்திற்குரியது. தமிழ்ச் செய்யுளின் உயர்வை ஒப்புக்கொண்ட மிஷனரிகள் உரைநடை எழுதும் பயிற்சி அருகியிருப்பதைக் குறையாகக் கண்டனர். ஆங்கிலத்தின் வழியாகப் பெறும் அறிவைத் தெளிந்த தமிழ் உரைநடையில் எழுதத்தக்கவர்களை உருவாக்குதல் கல்லூரியின் பணி என அவர்கள் கருதினர். ஆங்கிலம் வாயில், தமிழ் மனை. பிற்காலத்துச் சண்டையில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாக்கப்பட்டன என்பதால் தொடக்க நோக்கத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பட்டயம் பெற்ற கல்லூரியாக இதனை நிறுவ ஆங்கிலேய அரசு இசையவில்லை. பிரித்தானியக் குடியேற்ற நாடொன்றில் அமெரிக்கர் கால் ஊன்றுவதை அவ்வரசு அஞ்சியது. 1820இல் வந்த அச்சுத் தொழிலர் ஜேம்ஸ் காரெட் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்; 1833 வரை புதிய மிஷனரிகள் வர இசைவு வழங்கப்படவில்லை. ஆகவே கல்லூரி என்னும் பெயர் கைவிடப்பட்டுச் செமினரி என்னும் பெயர் நிலைத்தது. பெயரைக் கண்டு இது வெறும் குருமடம் என்று பின்வந்தோர் சிலர் எண்ணிவிட்டனர். பாடத்திட்டத்தை நோக்கின் அவ்வெண்ணம் தவறென்பது புலப்படும்.

அடுக்களையும் கிணறும்

செமினரியில் ஒருகாலத்தில் பயின்ற மாணவர் தொகை பெரும்பாலும் நூறையொட்டியே இருந்தது. ஊண், உடை, உறையுள், நூல் ஆகியவற்றிற்கான செலவை நெடுங்காலம் மிஷனே ஏற்றது. அமெரிக்காவில் இருந்த அன்பர்கள் ஒவ்வொரு மாணவனுக்கும் பணம் அனுப்பினர். பணம் கொடுத்தோர் தாம் விரும்பிய பெயரை மாணவனுக்கு இடும் உரிமையும் பெற்றனர். யாழ்ப்பாணத்து வரலாற்றில் காணும் வியப்பான பெயர்க் கலவைகளுக்கு இதுவே தோற்றுவாய். விசுவநாதபிள்ளை காரல் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்சு ஆனார். சதாசிவம்பிள்ளை ஆர்னல்டு ஆனார். கதிரைவேற்பிள்ளை வைமன் ஆனார். தமிழறியாத எவரோ ஒருவரின் நினைவைத் தம் பெயரில் சுமந்தபடியே இவர்கள் தமிழ் நூல்களை எழுதினர். நூலட்டைகளில் இரு பெயரும் மாறிமாறிக் காணப்படுதலால் நூற்பட்டியல் தொகுப்போர் ஒருவரையே இருவராக எண்ணி இடர்ப்படுவதும் உண்டு.

பெயர் மாறியபோதும் வாழ்க்கை முறை பெரிதும் மாறவில்லை. மாணவர் வேட்டி உடுத்தினர், பாயில் அமர்ந்து சோறுண்டனர், பாயிலேயே உறங்கினர். செலவைக் குறைத்தல் ஒரு காரணம். ஊராரிடமிருந்து மாணவரைப் பிரித்துவிடலாகாது என்னும் எண்ணம் மற்றொரு காரணம். பெரும்பாலான மாணவர் வேளாளர். கிறித்தவர் வளாகத்துள் சமைத்த உணவை உண்ணவோ அங்குள்ள கிணற்று நீரைப் பருகவோ தொடக்கத்தில் பெற்றோர் உடன்படவில்லை. ஆகையால் அருகிலிருந்த சைவர் ஒருவரின் நிலத்தில் அடுக்களை அமைக்க வேண்டியதாயிற்று. கிணற்றைப் பற்றி இலங்கை அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டென்னென்ட், 1850இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு செய்தி கூறுகிறார். மிஷன் கிணற்றை ஒருநாள் முழுதும் இறைத்துப் பழைய நீரை வெளியேற்றிவிட்டால் தீட்டு நீங்கும் என மாணவர் முடிவு செய்தனராம். இறைக்க இறைக்க நீர் ஊறிக்கொண்டே இருந்தது. முன்பிருந்த அளவு நீர் வெளியேறிவிட்டமையால் எஞ்சியது புதுநீரே என்று தம்முள் தீர்த்துக்கொண்டு, அன்றிலிருந்து அந்நீரைப் பருகலாயினர்.

டென்னென்ட் இதனை நகைச்சுவையாகக் கூறினும், இதில் நகைப்பதற்கு அப்பாலும் ஒன்று உண்டு. பள்ளியில் கற்ற முறைப்படி அளந்து எண்ணி முடிவுகண்ட மாணவர், அம்முறையைத் தீட்டு என்னும் கருத்தின் மீது செலுத்தவில்லை. அதனைக் காப்பதற்கே பயன்படுத்தினர். மிஷனும் இதற்கு இடங்கொடுத்தது. தாழ்த்தப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு இக்கல்வியின் பயன் மிக அரிதாகவே எட்டியது என்பதைச் செமினரியின் புகழைப் பேசுவோர் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். பெண்களுக்குத் தனியாக 1824இல் உடுவிலில் உண்டுறை பள்ளி தொடங்கப்பட்டது. அது தன்னளவில் விரிவாக ஆராய்தற்குரியது.

வகுப்பறை

ஆங்கிலம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் பாடங்கள் நடந்தன. யூக்கிளிடின் வடிவியல், இயற்கணிதம், திரிகோணகணிதம், நிலஅளவை, வானியல், இயற்பியல், வேதியியல், அளவைநூல், விவிலியம் ஆகியன கற்பிக்கப்பட்டன. தமிழில் நன்னூலும் குறளும் இடம்பெற்றன. நீதிபதி ரிச்சர்டு ஒட்லியின் பெயரால் கட்டப்பட்ட ஒட்லி மண்டபத்தில் நூலகம் அமைந்தது. ஆண்டுத் தேர்வுகள் பலரறிய நடத்தப்பட்டன. அரசு அலுவலர், நீதிபதிகள், ஊர்ப்பெரியோர் கூடியிருக்க மாணவர் எழுந்து நின்று கணக்குகளுக்கு விடை கூறினர். இக்கல்வியை நேரில் கண்ட டென்னென்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது இந்நிறுவனம் என்று மதிப்பிட்டார்.

மாணவர் உள்ளத்தை மிகுதியும் கிளர்ந்தெழச் செய்த பாடம் வானியலே. அது ஊர் வாழ்க்கையோடு நேரே மோதியது. நாளும் கோளும் பார்த்தே உழவும் திருமணமும் நடந்த நாட்டில், கிரகணம் கணிப்பவன் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. 1829ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி வட்டுக்கோட்டைப் பகுதியின் புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாத்திரியார் குறித்த நேரமும், பூவர் தம் முறைப்படி கணித்த நேரமும் வேறுபட்டன. தொடங்கும் நேரத்தில் ஏறத்தாழக் கால்மணி வேறுபாடு. மறையும் அளவிலும் வேறுபாடு. பூவர் இதனை ஊரறியச் செய்தார். அன்றிரவு கூடியோர் கடிகாரத்தையும் வானத்தையும் மாறிமாறி நோக்கினர். பூவரின் கணக்கே சரியாயிற்று.

மிஷன் இலக்கியத்தில் இந்நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் ஓர் அறைகூவல்போல் கூறப்படுகிறது. ஆனால் இதனை அறிவு, அறியாமை இரண்டிற்கும் நடந்த போராட்டமாகக் காண்பது பொருந்தாது. இதே காலத்தில், புதுச்சேரிப் பகுதிப் பஞ்சாங்க கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட வாக்கியங்களின் துணையால் ஒரு சந்திர கிரகணத்தின் தொடக்கத்தைச் சில நிமிடப் பிழையே நேர, கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்னும் அறிஞர் பதிவு செய்துள்ளார். சென்னையில் அவர் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூல் தமிழர் கணிப்பு முறையை விரித்துரைப்பது. எழுதாமல், ஏடு பாராமல் செய்யும் கணக்கு அது. நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத மாறிலிகளால் பிழை சேர்ந்ததேயன்றிக் கணித மரபே பொய்யென்பதற்கில்லை.

செமினரியும் மெல்லமெல்ல இதனை உணர்ந்தது என்பதற்குச் சான்று உண்டு. பூவர் 1835ஆம் ஆண்டளவில் மதுரைக்குச் சென்றபின் தலைமை ஏற்றவர் ஹென்றி ஹாய்சிங்டன். இவர் இந்திய வானியல் முறையை விளக்கும் தமிழ்ப் பாடத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் குறிப்புகளுடனும் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். மறுப்பதற்காயினும் முற்றக் கற்கவேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. கற்றபின் அது வெறும் மறுப்பாக நிற்கவில்லை. சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை இதே ஹாய்சிங்டன் 1854இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். சைவ சித்தாந்த நூல்கள் மேலைநாட்டு ஆய்விதழொன்றில் இடம்பெற்ற தொடக்க நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று. சைவத்தை வெல்ல அமைத்த பள்ளியின் தலைவரே சைவ நூலை உலகறியச் செய்தார்.

மாணவர் செய்த தமிழ்ப்பணி

1841 சனவரியில் தொடங்கிய உதயதாரகை என்னும் இதழின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவருமே செமினரியின் பழைய மாணவர்கள். அறிவியற் செய்தியும் நாட்டு நடப்பும் சமய வாதமும் எளிய உரைநடையில் இவ்விதழில் வந்தன. சைவர் தரப்புக் கடிதங்களுக்கும் இதில் இடமிருந்தது. நெவின்சு சிதம்பரப்பிள்ளை அளவைநூலைத் தமிழில் தந்தார். நியாய இலக்கணம் என்பது அதன் பெயர். ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம், புலவர் வரலாற்றைத் தமிழ் உரைநடையில் அகரவரிசைப்படுத்திக் கூறிய முன்னோடி நூல். காரல் விசுவநாதபிள்ளை செமினரியில் கணிதம் கற்பித்தவர்; வீசகணிதம் என்னும் இயற்கணித நூலை இவர் எழுதினார்.

இவ்வனைவரும் ஆங்கிலத்தில் உயர்கல்வி பெற்றவர் என்பதும், அக்கல்வியைத் தமிழில் எழுதப் பயன்படுத்தியவர் என்பதும் இங்கு ஒருங்கே நோக்கற்பாலன. தமிழ் மட்டுமே கற்றவர்க்கு இயற்கணிதப் பொருள் எட்டியிராது. ஆங்கிலம் மட்டுமே கற்றவர்க்குத் தமிழ்ச் சொல் கைவந்திராது. இரண்டும் ஒரே வளாகத்தில், ஒரே மாணவனிடம், ஒரே காலத்தில் சேர்ந்தமையே இந்நூல்களைத் தோற்றுவித்தது.

மூடிய கதை

சமயப் பரப்பாளர் நோக்கில் கணக்கு வேறுவிதமாக அமைந்தது. செமினரியில் தேறியோர் பலர் அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் நிலஅளவைத் துறையிலும் நல்ல ஊதியத்தில் அமர்ந்தனர். ஆங்கிலம் அறிந்த இளைஞன் சிற்றூரில் குறைந்த ஊதியத்தில் உபதேசியாக இருக்க ஏன் உடன்படுவான்? மாணவருள் பலர் படிக்கும்போது கிறித்தவராயிருந்து வெளியேறியபின் சைவத்திற்கு மீண்டனர். 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட பணநெருக்கடியால் மிஷன் பள்ளிகளின் செலவு குறைக்கப்பட்டபோதே, எதற்காக இவ்வளவு பொருள் என்னும் கேள்வி எழுந்துவிட்டது.

பாஸ்டன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சனுக்கு இதில் உறுதியான கொள்கை இருந்தது. உள்ளூர்த் திருச்சபை தன் காலில் நிற்கவேண்டும். அதன் போதகர் தம் மக்களின் மொழியிலேயே கற்று அம்மக்களோடு வாழவேண்டும். பிறமொழிக் கல்வி போதகரை மக்களிடமிருந்து பிரிக்கிறது. இவர் அகஸ்டஸ் தாம்சன் என்பவரோடு 1854–55இல் இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த மிஷன் நிலையங்களைப் பார்வையிட்டார். பம்பாயிலும் சென்னையிலும் அச்சங்கத்தின் ஆங்கிலப் பள்ளிகள் நிறுத்தப்பட்டன. 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியை வற்புறுத்திவந்த பூவர், தூதுக்குழு யாழ்ப்பாணம் வருவதற்குச் சில திங்கள் முன், பிப்ரவரியில், மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்துபோயிருந்தார்.

ஆண்டர்சனின் கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. தாய்மொழிக் கல்வி வேண்டும் என்றவர் அவர். மக்களோடு ஒட்டிய கல்வி வேண்டும் என்றவர் அவர். பின்னாளில் இந்தியத் தேசியவாதிகள் மொழிந்த பலவற்றை அவர் ஐம்பது அறுபது ஆண்டு முன்னரே மொழிந்தார். எனினும் அவர் கூறிய தாய்மொழிக் கல்வியின் உள்ளீடு யாது என்று நோக்குமிடத்து வேறுபாடு தோன்றும். செமினரிக்கு மாற்றாக 1859இல் அமைந்த பயிற்சி நிறுவனம் தமிழ்வழியில் நடந்தது. ஊர்ப்பள்ளி ஆசிரியரையும் போதகரையும் உருவாக்குதல் அதன் எல்லை. பூவர் காலத்துத் திட்டம் கருதிய உயர் அறிவியலும் ஒப்பியற் கல்வியும் அதன் நோக்கத்துள் அடங்கவில்லை. மொழியை மாற்றியபோது பாடத்தையும் சுருக்கிவிட்டனர். அதனால் தமிழ்வழிக் கல்வி என்றாலே தாழ்ந்த கல்வி என்னும் எண்ணம் யாழ்ப்பாணத்தாரிடம் வேரூன்ற நேர்ந்தது. இம்முடிவு எடுக்கப்பட்டபோது செமினரியின் பழைய மாணவரோ பெற்றோரோ வாக்களிக்கும் நிலையில் இல்லை என்பதும் மறக்கற்பாலதன்று.

தமிழ்வழியில் உயர்கல்வி இயலாது என்று கருதுவோர்க்கு அண்மையிலேயே மறுப்பு இருந்தது. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர் 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் இரணவைத்தியம், 1875இல் கெமிஸ்தம் என்று பெருநூல்கள் வெளிவந்தன. ஆனால் இம்மொழிபெயர்ப்புகளில் அவருக்குத் துணைநின்ற மாணவர் ஆங்கிலப் பயிற்சியும் உடையோர். செமினரி மூடப்பட்டபின் அத்தகையோரை உருவாக்கும் இடம் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனில் இல்லாமற் போனது. கிறீன் 1873இல் தாய்நாடு திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நிலைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தார் வாளாவிருக்கவில்லை. பழைய மாணவர் தாமே ஆங்கிலப் பள்ளி நடத்தினர். உயர்கல்வி நிறுவனம் ஒன்றை மீண்டும் அமைக்கவேண்டும் என்று வற்புறுத்திப் பொருளும் திரட்டினர். 1872இல் அதே வட்டுக்கோட்டை வளாகத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. அதன் நிதியும் ஆட்சியும் மிஷனிலிருந்து வேறாக வைக்கப்பட்டன. பாடமொழி ஆங்கிலமாயிற்று. 1823ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஆங்கிலத்தோடு இணையாக வைக்கப்பட்டிருந்த தமிழ், இங்குப் பல பாடங்களுள் ஒரு பாடமாயிற்று.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு முதல் பி.ஏ. தேர்வு நடந்தபோது அதில் தேறியவர் இருவர். ஒருவர் காரல் விசுவநாதபிள்ளை. மற்றொருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் ஏடு தேடி ஊர்ஊராக அலைந்து, வீரசோழியத்தை 1881இலும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாடம் தேரும் அவர்தம் பதிப்பு முறைக்கும், அவர் இளமையில் பயின்ற கணிதத்திற்கும் உள்ள தொடர்பு இன்னும் விரிவாக ஆராயப்படுதல் வேண்டும். விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் யாழ்ப்பாணத்தில் அச்சாகி வெளிவந்த ஆண்டு 1855. அதே ஆண்டில்தான் அந்நூலைப் பாடமாகக் கற்றிருக்கக்கூடிய வகுப்பறை பூட்டப்பட்டது.